எரிவாயு மின்நிலையம் வருகிறதா? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் செய்யக் கூடாத தவறுகள்

கடலூர் மாவட்டம் பார்க்காத ஆலை இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, கடலோரம் சிப்காட் ரசாயனம், பரங்கிப்பேட்டை பக்கம் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். 2019-ல் எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம், அதாவது கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் இடம், திறந்தாகிவிட்டது. அங்கிருந்து தூத்துக்குடி வரையிலான குழாய்த் திட்டத்தில் புதுச்சேரியும் நாகப்பட்டினமும் உண்டு. ஆகவே எரிவாயு மின்நிலையம் என்ற பேச்சு என்றைக்காவது இந்தக் கரைக்கும் வரலாம். வந்தால் ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது அவரவர் முடிவு. எந்தப் பக்கம் நின்றாலும் சில தவறுகளைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

பெரிய தவறு, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்களிடம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஓட்டெடுப்பு என்று நினைப்பது. கூச்சல் போட்டு வெளிநடப்பு செய்துவிட்டால் திட்டம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. பத்துப் பேர் இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான். மேலே டெல்லிக்கோ சென்னைக்கோ போவது நம் கோபம் அல்ல, பதிவான கேள்விகள். எனவே கேள்வி பதிவாகிறதா என்பதில்தான் கண் இருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் பந்தல் காலியாகிவிடும். கடைசியில் ஓர் அலுவலர் மைக்கில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார். "மீனவர் ஒருவர் மீன்வளம் குறித்துப் பேசினார்" என்று அதில் ஒரு வரி வரும். ஆனால் அவர் கேட்டது, நிலையத்தின் வெந்நீர்க் குழாய் கடலுக்குள் எத்தனை மீட்டர் போகும், எங்கள் வலை விழும் இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்று. அந்த வரியை அங்கேயே எழுந்து திருத்தச் சொல்ல வேண்டும். வாசிப்பு முடிந்து ஆட்சியர் கையெழுத்து போட்டபின் திருத்துவது பெரும்பாடு. ஊருக்கு நான்கு பேராவது கடைசிவரை உட்கார்ந்திருங்கள். பேசியதையே எழுத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். சுருக்கத்தோடு நின்றுவிடாமல், அறிக்கையில் எந்த மாதங்களில் தகவல் எடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவம்தான் இருக்கும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் எல்லாமே நடக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2015 வெள்ளத்தில் ஊர் ஊராக மூழ்கினோம். பங்குனி வெயிலில் எடுத்த அளவு இதையெல்லாம் காட்டாது.

இன்னொரு குழப்பம், எரிவாயு எடுப்பதையும் எரிப்பதையும் ஒன்றாக்கிப் பேசுவது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோவில், பரங்கிப்பேட்டை உள்பட நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. அதில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதற்குத் தடை உண்டு. வாயுவை வாங்கி எரிக்கும் நிலையத்தை அந்தத் தடை தொடாது. அதைப் பிடித்துக்கொண்டு பேசினால், "இது அந்தத் திட்டமே இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

"வாயு சுத்தம்" என்பதும் "நிலக்கரியும் இதுவும் ஒன்றுதான்" என்பதும் இரண்டுமே பிழை. சாம்பல் இல்லை, கந்தகம் மிகக் குறைவு, ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. வழியில் கசியும் மீத்தேனோ, 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கடல்நீரில் குளிரவைக்கும் நிலையமென்றால் திரும்ப விடும் நீரால் கடலின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. அந்த 7 டிகிரியை எந்த இடத்தில் அளப்பார்கள் என்று கேளுங்கள்.

யாருமே கேட்காத கேள்வி, வாயுவின் விலை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. நல்ல இணைச்சுழற்சி நிலையத்தில் (வாயுவை எரித்த சூட்டில் நீராவியாலும் மின்சாரம் எடுப்பது) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வேண்டும். பத்து லட்சம் பி.டி.யு. 10 டாலர் என்றால் எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் ஆகும். 2022-ல் உக்ரைன் போரின்போது ஆசியச் சந்தையில் அந்த விலை 50 டாலரைத் தாண்டியது. மகாராஷ்டிரத்தின் தாபோல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 1999-ல் ஓடத் தொடங்கி, மின்விலை கட்டுப்படியாகாமல் 2001-ல் நின்றது. காரைக்காலில் புதுச்சேரி அரசின் 32.5 மெகாவாட் வாயு நிலையத்தைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அது காவிரிப் படுகை வாயுவை நம்பிக் கட்டியது, கப்பலில் வரும் வாயுவின் கணக்கு வேறு. நிலையம் சும்மா நின்றாலும் மின்வாரியம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டுமா, எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதிக் கேளுங்கள். கடைசியில் அது நம் கரண்ட் பில்லில்தான் வந்து விழும்.

அனுமதி கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடுவதும் தவறு. 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தரலாம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அனுமதி கிடைத்ததை நிறுவனம் தமிழ் நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கூட்டம் முடிந்த நாளிலிருந்து அந்த விளம்பரத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.