ஊட்டியில் பழைய ஹோட்டலில் தங்கப் போகிறவர்களுக்கு

ஒரு காலத்தில் வெயில் வந்தால் மெட்ராஸ் மாகாணத்துக்கு ஊட்டிதான் தலைநகரம். கவர்னரும் அதிகாரிகளும் கோப்புக் கட்டுகளோடு மலையேறி வந்து மாதக்கணக்கில் இங்கேயே இருந்து ஆட்சி நடத்தினார்கள். அவர்களுக்காகவும் ராஜாக்களுக்காகவும் எழும்பிய கட்டிடங்களில் சிலதான் பின்னாளில் பெரிய ஹோட்டல்கள் ஆயின. மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனையான ஃபெர்ன்ஹில் அப்படி ஹோட்டலான ஒன்று. சேவாய் ஹோட்டலின் வரலாறு 1829-லிருந்து தொடங்குகிறது. நான் குன்னூர்க்காரி, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இப்படி ஓர் இடத்தில் தங்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம் அறை. பழைய ஹோட்டல் என்று பெயர் இருந்தாலும் எல்லா அறையும் பழையது இல்லை, பின்னால் கட்டிய புதுப் பகுதி என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஓர் இடத்தில் புக் செய்தேன், இணையத்தில் பார்த்த படத்தில் மரத்தரை, உயரமான கூரை, சுவரோடு சேர்ந்து விறகு எரிக்கும் கணப்பு எல்லாம் இருந்தது, போய்ப் பார்த்தால் கோயம்புத்தூரில் எந்த லாட்ஜிலும் கிடைக்கிற மாதிரி டைல்ஸ் போட்ட அறை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதனால் ஹோட்டலுக்கே போன் போட்டு, பழைய கட்டிடத்திலா அறை, கணப்பு உண்மையிலேயே எரியுமா அல்லது அலங்காரத்துக்கா, காலை வெயில் ஜன்னலில் விழுமா என்று மூன்றையும் கேளுங்கள். பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் படிக்கட்டு எத்தனை என்பதையும் கேட்டுவிடுங்கள், இங்கே சரிவு அதிகம், சாப்பாட்டு ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் ஏற்றம் இருந்தால் முட்டிவலிக்காரர்கள் பாடு கஷ்டம்.

எப்போது வரலாம்? ஏப்ரல், மே சீசனில் வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும், அந்தப் பணத்துக்கு அந்த அமைதி கிடைக்காது. என்னைக் கேட்டால் ஜனவரியில் ஒரு செவ்வாயோ புதனோ வாருங்கள், பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, போர்வைகூட ஈரமாக இருப்பது போலவே தோன்றும். ஓர் இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், விலை பார்க்கும்போதே அதையும் கூட்டிப் பாருங்கள். வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம் கணப்பு. இதில் தயவுசெய்து கவனமாக இருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே விறகு வைக்கச் சொல்லிவிட வேண்டும், கல் சுவர் சூடேற நேரம் ஆகும், பத்து மணிக்குச் சொன்னால் அறை சூடாவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். பற்றவைப்பதை ஊழியரிடமே விடுங்கள், புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு நின்று எரியும். ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, புகைபோக்கியே இல்லாத அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். எத்தனை முறை சொன்னாலும் போதாத விஷயம் இது.

அறைக்குள் வெந்நீர் வர ஐந்து நிமிடம் ஆகலாம், பழைய குழாய்கள் நீளம். மரத்தரை நடந்தால் சத்தம் போடும். இவையெல்லாம் அந்த வீட்டின் இயல்பு, அதற்காக மேனேஜரைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட வேண்டியது ஈர வாடை அடித்தால், உடனே வேறு அறை கேளுங்கள்.

இப்படி ஓர் இடத்துக்கு வந்துவிட்டு காலை எட்டு மணிக்கு டாக்ஸி பிடித்து பைக்காரா, தொட்டபெட்டா என்று இருட்டும்வரை சுற்றினால் கொடுத்த காசு வீண். ஒரு நாளாவது உள்ளேயே இருங்கள். பல வருஷம் சாப்பாடு பரிமாறி வேலை பார்த்த பேரர் ஒருவர் எங்கேயும் இருப்பார், மரியாதையாக "அண்ணா, இந்தக் கட்டிடம் முன்னாடி என்னவா இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராத கதை வரும். நடக்க வேண்டும் என்றால் செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்குப் போங்கள், அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா இப்போது அரசுக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

தங்குகிற அளவுக்குப் பணம் இல்லையா, பரவாயில்லை. முன்கூட்டியே போன் செய்து மதியச் சாப்பாட்டுக்கோ மாலை டீக்கோ மட்டும் இடம் கேளுங்கள். எங்கள் அப்பா இருபது வருஷம் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் கேரட் மூட்டை இறக்கியவர். முன்வாசல் வழியாக அவரைக் கூட்டிப்போனது ஒரு டீக்குத்தான், புல்வெளியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கிளம்புகிற நாள் காலையில் அலாரம் வைத்து சூரியன் வருவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியாக இருந்தால் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், வெயில் பட்டதும் கரைந்துவிடும். ஸ்வெட்டரோடு குல்லாவும் போட்டுக்கொள்ளுங்கள்.