ஆண்டிறுதிச் சுற்றறிக்கை எழுதுவது எப்படி? தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு செய்முறை

மாலை மணி அடித்து ஓய்ந்த பிறகு, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே தலைமையாசிரியர் சொல்வார்: "பெற்றோருக்கான கடைசிச் சுற்றறிக்கையை இந்த முறை நீங்களே எழுதிவிடுங்களேன்." பள்ளிக்குப் புதியவர் என்பதால் மறுக்கவும் முடியாது. போன வருடத்துக் கோப்பைத் திறந்து, தேதிகளை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தேதியை மாற்றினேன், கிழமையை மாற்ற மறந்தேன். மாறுவேட நாள் புதன்கிழமை. தாளில் பழைய 'செவ்வாய்' அப்படியே நின்றுவிட்டது. தேதியைப் பார்த்தவர்கள் சரியான நாளில் வந்தார்கள். கிழமையைப் பார்த்தவர்கள் ஒரு நாள் முந்தி வந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை வண்ணத்துப்பூச்சியாக வந்து நின்றாள். சுற்றிலும் எல்லோரும் சீருடையில். அட்டைச் சிறகு அகலமாக இருந்ததால் நாற்காலியில் சாய முடியவில்லை. கழற்றிவிடலாமா என்று கேட்டால் தலையை ஆட்டி மறுத்தாள். மதியம் வரை ஒரு ஸ்டூலில் பக்கவாட்டாக உட்கார்ந்தே எழுதினாள். மாலையில் அவளுடைய அப்பா கோபப்படக்கூட இல்லை. "டீச்சர், தாளில் செவ்வாய் என்றுதானே போட்டிருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு பல சுற்றறிக்கைகள் எழுதிவிட்டேன். இரவு வேலையெல்லாம் முடிந்து, ஈரக் கையைத் துடைத்தபடி ஒருவர் அரை நிமிடம் பார்க்கும் தாள் இது. அந்த அரை நிமிடத்தில் அவர் தேடுவது ஒன்றைத்தான்: நான் என்ன செய்ய வேண்டும், எந்த நாளில்? மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

முதல் படி: எழுதாதீர்கள், விசாரியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டோடு பள்ளியைச் சுற்றி வாருங்கள். அலுவலகம், நூலகம், விளையாட்டு ஆசிரியர், முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவர், ஒவ்வொரு வகுப்பாசிரியர் என எல்லோரிடமும் ஒரே கேள்வி: "வருடம் முடிவதற்குள் வீட்டிலிருந்து உங்களுக்கு என்ன வர வேண்டும், உங்களிடமிருந்து வீட்டுக்கு என்ன போக வேண்டும்?" இப்படிக் கேட்டால் ஒருவர் மூன்று நூலகப் புத்தகம் வரவில்லை என்பார். இன்னொருவர் அலமாரியில் கிடக்கும் இருமல் மருந்தை நினைவுபடுத்துவார்.

வந்ததை மூன்று குவியலாகப் பிரியுங்கள். வீட்டார் செய்ய வேண்டியவை. வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை. நாம் சொல்ல ஆசைப்படுபவை. வருடம் எப்படிப் போனது, எந்தப் போட்டியில் யார் வென்றார்கள், தோட்டத்தில் பிள்ளைகள் நட்ட செடி எவ்வளவு வளர்ந்தது என்பதெல்லாம் மூன்றாவது குவியல். தொடக்கக்காரர்கள் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கம் முழுக்க நன்றியும் பெருமையும் போய், மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்ன வரி பின்பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது. நான்கு பேர் மட்டுமே வந்து வாங்கினார்கள்.

இரண்டாம் படி: நாட்காட்டியோடு உட்காருங்கள்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கிழமையை நினைவிலிருந்து எழுதாமல் நாட்காட்டியில் விரல் வைத்துப் பார்த்து எழுதுங்கள். 'அடுத்த வெள்ளி', 'வரும் வாரம்' போன்ற சொற்களைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் எழுதும் நாள் வேறு, அவர் படிக்கும் நாள் வேறு.

முடியும் நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலையிலிருந்து அனுமதி கேட்டு வருபவருக்கு அதுதான் முக்கியம். கடைசி நாள் பள்ளி சீக்கிரம் முடியும் என்றால், அதைத் தனி வரியில், தடித்த எழுத்தில் போடுங்கள். வருடம் முழுக்க மாலையில் வந்து பழகியவர் அன்றும் மாலையில்தான் வருவார். குழந்தை வாசல் படியில் காத்திருக்கும். அந்த நேரத்துக்கு வர முடியாதவர்கள் என்ன செய்யலாம், வேறொருவர் அழைத்துப் போவதானால் யாரிடம் எப்போதைக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் அதற்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கலாம். ஒன்றாம் வகுப்பு நிகழ்ச்சியும் நான்காம் வகுப்பு நிகழ்ச்சியும் ஒரே நேரத்தில் வேறு வேறு அறைகளில் நடந்தால், அந்த அம்மா யாருடைய கைதட்டலைத் தவறவிடுவது? அட்டவணை இன்னும் மாற்றக்கூடிய நிலையில் இருந்தால் இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: வினைச்சொல்லால் எழுதுங்கள்

இது நான் முதல் வருடம் எழுதிய வரி: "மாணவர்களின் வசம் உள்ள நூலகப் புத்தகங்கள் உரிய காலத்திற்குள் திரும்ப ஒப்படைக்கப்படுவது உறுதி செய்யப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

யார் ஒப்படைக்க வேண்டும், எந்தக் காலத்துக்குள், யாரிடம் என்று எதுவும் இல்லை. கேட்டுக்கொள்வது யார் என்றுகூடத் தெரியவில்லை. இப்போது இப்படி எழுதுகிறேன்: "நூலகப் புத்தகம் வீட்டில் இருந்தால், 12ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தொலைந்திருந்தால் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்." அந்தக் கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். தொலைத்த வீட்டார் சங்கடத்தால்தான் பேசாமல் இருக்கிறார்கள். வழி காட்டினால் பதில் வந்துவிடும்.

மருந்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுங்கள். மூச்சிரைப்புக்கான இன்ஹேலர், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி, மாத்திரை என எதுவானாலும் பெரியவர் ஒருவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக் கூடாது. எல்லாவற்றிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பள்ளி திறக்கும்போது அந்தத் தேதி தாண்டியிருக்குமா என்று பார்த்து, புதியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பெட்டியின் அடிப்பக்கத்தை யாராவது பார்க்க வேண்டுமே, அதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

அடுத்தது, உரிமை கோராத பொருட்கள். எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஒரு வருடக் கடைசியில் அதைக் கொட்டி எண்ணினேன்: மூடியில்லாத தண்ணீர்ப் புட்டிகள் ஒன்பது, ஸ்வெட்டர்கள் ஏழு, இடதுகால் காலுறை மட்டும் ஒன்று, யாருடையதோ ஒரு பால்பல் காகிதத்தில் மடித்து. "உங்கள் பிள்ளைகளின் பொருட்களைச் சரிபாருங்கள்" என்று எழுதினால் ஒருவரும் வர மாட்டார்கள். "வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாசலருகே மேசையில் பரப்பி வைத்திருப்போம். வெள்ளி மாலைக்குப் பின் எஞ்சியதைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று எழுதுங்கள். பொருட்களைக் கண்ணால் பார்க்கும்படி வைத்தால்தான் பிள்ளையே அம்மாவை இழுத்துக்கொண்டு வரும். பால்பல்லைத் தேடியும் ஆள் வந்தது.

முகவரி, தொலைபேசி எண் மாற்றம், பள்ளி மாறுவோர் தரவேண்டிய தகவல், சீருடை அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் முடித்துவிடலாம். காலணிக்கு மட்டும் ஒரு குறிப்பு: விடுமுறையின் தொடக்கத்தில் வாங்கினால் பள்ளி திறப்பதற்குள் கால் வளர்ந்துவிடலாம். கடைசி வாரத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: இந்தத் தாளில் எழுதக் கூடாதவை

கட்டணப் பாக்கியை எல்லோருக்கும் போகும் சுற்றறிக்கையில் கண்டிப்பான குரலில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கட்டியவர் எரிச்சல்படுவார், கட்ட முடியாதவர் கூனிக்குறுகுவார். அது தனிக்கடிதமாகப் போகட்டும். ஒரு பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவைப்படுவது, அதே வகுப்பில் தொடர்வது போன்றவை நேரில் மட்டுமே பேச வேண்டியவை. வீட்டார் மதிப்பெண் அட்டையைத் திறந்து அவற்றை அறியும்படி விடக் கூடாது.

ஆசிரியர் ஒருவர் விலகுகிறார் என்றால், பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும் அதே நாளில் வீட்டுக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வயதுக் குழந்தை வழியாகச் செய்தி போகும். "எங்க டீச்சரை அனுப்பிட்டாங்களாம்" என்று அது போய்ச் சேரும். அதன் பிறகு உங்கள் தொலைபேசி ஓயாது.

படங்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள் போதும்: விழாவில் எடுக்கும் படத்தில் மற்றப் பிள்ளைகளும் இருந்தால், அவர்கள் வீட்டில் கேட்காமல் பொதுவில் பகிர வேண்டாம்.

ஐந்தாம் படி: விடுமுறைக்கு நான்கு வரி

இங்கேதான் ஆசிரியர்களுக்குக் கை நீளும். ஒரு பக்கம் முழுக்க அறிவுரை எழுதிவிடுவோம். வேண்டாம். படித்தவர் செய்யக்கூடிய மூன்று விஷயம் போதும்.

ஒன்று, படிப்பு. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் எவ்வளவு மறக்கிறார்கள் என்று ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு சரிவு என்றும், கணக்குப் போடுவதிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் அது அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள். சரிவின் அளவைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. இதையெல்லாம் தாளில் எழுதிப் பெற்றோரைப் பயமுறுத்தத் தேவையில்லை. "தினமும் பத்து நிமிடம் சேர்ந்து படியுங்கள், பொருள் எண்ணுவது, சில்லறை கணக்கிடுவது போன்றவற்றைப் பிள்ளையிடம் விடுங்கள்" என்றால் போதும். பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கட்டித் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவில் மொத்தத்தையும் அம்மாதான் முடிப்பார்.

இரண்டு, தண்ணீர். உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 முதல் 14 வயது வரையிலானவர்களின் இறப்புக்கான காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாம் இடத்தில் இருக்கிறது. "குளம், ஆறு, கடல், நீச்சல்குளம் எதுவானாலும், பார்த்துக்கொள்வது யார் என்று ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி முடிவு செய்துவிட்டு இறங்குங்கள்" என்று எழுதுங்கள். எல்லோரும் இருக்கும் இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.

மூன்று, தூக்கம். 6 முதல் 12 வயதுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரை. விடுமுறையில் படுக்கும் நேரம் தள்ளிப்போவது இயல்பு. பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் தேதியையும் நேரத்தையும் இந்த வரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஆறாம் படி: அடுக்குங்கள், வெட்டுங்கள்

தாளின் உச்சியில் தேதிவாரியாக 'செய்ய வேண்டியவை'. அதன் கீழே 'தெரிந்துகொள்ள வேண்டியவை'. கடைசியில், இடம் மிஞ்சினால், வருடத்தின் நல்ல செய்திகள். அதிலும் பரிசு பெற்றவர் பட்டியலைவிட ஒரு சிறு காட்சி மேல். எல்லா வீட்டாரும் தங்கள் பிள்ளையை அதில் பார்க்கலாம். மொத்தம் ஒரே தாள், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

தொலைபேசியில் அனுப்பும்போது சுற்றறிக்கையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எழுத்தாகவே அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால் வேறு மொழிக்காரர் மொழிபெயர்த்துப் படிக்கலாம், பார்வைக் குறைபாடு உள்ளவர் தொலைபேசியை வாசிக்க வைத்துக் கேட்கலாம், பிறகு தேடி எடுக்கவும் முடியும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று. அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலும் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு பிரதி. 'அன்புள்ள பெற்றோரே' என்பதோடு பாதுகாவலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள்.

ஏழாம் படி: ஆசிரியர் அல்லாத ஒருவரிடம் கொடுங்கள்

பள்ளி வாகன ஓட்டுநர், அலுவலக உதவியாளர், பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி. ஒரு நிமிடம் படிக்க விட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேளுங்கள்: கடைசி நாள் எது? எத்தனை மணிக்குக் கூட்டிப்போக வேண்டும்? அன்றைக்குள் என்ன கொடுத்தனுப்ப வேண்டும்? எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். அவர் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

எட்டாம் படி: அனுப்பிய பிறகு

கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பு முழுச் சுற்றறிக்கை. பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தைய மாலையில் ஒற்றை வரி நினைவூட்டல். அந்த வரியில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும்; இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் போய்விடும். பிழை கண்ணில் பட்டால் உச்சியில் 'திருத்தம்' என்று போட்டு, மாறிய வரியை மட்டும் அனுப்புங்கள். முழுத் தாளையும் திரும்ப அனுப்பினால் எது மாறியது என்று யாரும் தேட மாட்டார்கள்.

பெற்றோர் கேட்டு வரும் கேள்விகளை எழுதி, இந்த வருடக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். எனக்கு முதல் வருடம் அதிகம் வந்த கேள்வி, "கடைசி நாள் புத்தகப்பை வேண்டுமா, டீச்சர்?" என்பதுதான். பதினோரு பேர் கேட்டார்கள். அன்று பிள்ளைகள் ஓவியங்களையும் களிமண் யானைகளையும் நோட்டுகளையும் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வெளியே போனார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு யானைகளின் தும்பிக்கை போயிற்று. இப்போது என் தாளில் கடைசி நாளுக்கு நேராக இருக்கும் வரி: "பெரிய, காலியான பை ஒன்று கொடுத்தனுப்புங்கள்."