வைரக் கல்லின் வடிவம்: விலை எங்கே ஏறுகிறது, அளவு எங்கே கூடுகிறது?

கல்யாணத்துக்கு வைரம் எடுக்க திருநெல்வேலி டவுன் ரத வீதிக்குப் போகிறவர்கள் கடையில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை சென்ட்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள்: "எத்தனை மில்லிமீட்டர், அண்ணாச்சி?" சென்ட் என்பது எடை. கண்ணுக்குத் தெரிவதோ மேலிருந்து பார்க்கும் பரப்பு. ஒரே எடையுள்ள இரண்டு கல்லில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும். வடிவம்தான் முக்கியமான காரணம், விலையையும் அது மாற்றிவிடும்.

அளவுக் கணக்கு இவ்வளவுதான்: 1 காரட் என்றால் 200 மில்லிகிராம், அதுவே 100 சென்ட். நகையில் போட்டிருக்கும் 22 காரட், 18 காரட் என்பது தங்கத்தின் தரம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படி 1: வீட்டிலேயே காகிதத்தில் வெட்டிப் பாருங்கள்

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். ஒரு காரட் எடைக்கு நன்றாக வெட்டிய கல் ஏறக்குறைய இந்த அளவில் இருக்கும். ரவுண்ட் 6.5 மி.மீ. குறுக்களவு. ஓவல் 7.9க்கு 5.6. நெல்மணி போல இரண்டு முனையும் கூர்மையான மார்க்கீஸ் 10க்கு 5. துளி வடிவ பியர் 8.5க்கு 5.5. நீளக் கட்டமான எமரால்டு 7க்கு 5. சதுரமான பிரின்சஸ் 5.5க்கு 5.5.

வரைந்து, வெட்டி, ஒவ்வொன்றாக மோதிர விரலில் வைத்துக் கையை நீட்டிப் பாருங்கள். பிரின்சஸ் சின்னதாகத் தெரியும். அதன் எடையில் பெரும்பங்கு அடிப்பகுதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மார்க்கீஸும் ஓவலும் பெரிதாகத் தெரியும். கட்டங்களை எண்ணிப் பார்த்தால் ரவுண்டுக்கும் ஓவலுக்கும் பரப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. நீளம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. விரல் குட்டையாகவோ சதைப்பற்றாகவோ இருந்தால் நீள வடிவம் விரலையும் சேர்த்து நீட்டிக் காட்டும். இந்தக் காகிதத் துண்டுகளைக் கடைக்கும் கொண்டுபோங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 2: ரவுண்டுக்கு ஏன் விலை அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள்

இயற்கை வைரம் பல நேரம் நாலு பக்கமுள்ள இரண்டு பிரமிடுகளை அடிக்கு அடி ஒட்டினாற்போல எட்டு முகத்தோடு கிடைக்கும். அதற்குள்ளிருந்து வட்டமான கல்லை எடுக்கும்போது பெரும்பாலும் பாதிக்கும் மேல் தூளாகப் போய்விடும். சதுரமான பிரின்சஸில் வீணாவது குறைவு. நீளமாகக் கிடைத்த கரட்டுக் கல்லை, அதாவது இன்னும் வெட்டாத கல்லை, ஓவலாகவோ மார்க்கீஸாகவோ வெட்டினால் அதிலும் வீணாவது குறையும். உலகத்தில் வெட்டப்படும் வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது. அங்கே ஒவ்வொரு கரட்டுக் கல்லுக்கும் முதலில் போடுவது இந்தக் கணக்குதான்.

கேட்பவர்கள் அதிகம் என்பதும் ரவுண்டின் விலைக்குக் காரணம். 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட ரவுண்ட் பிரில்லியண்ட் வெட்டுக்கு 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி அளவுக் கணக்கு வகுத்தார். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் இன்றைக்கும் அதோடு போட்டி போடுவது கடினம். அதே எடை, நிறம், தெளிவில் மற்ற வடிவங்கள் பொதுவாகப் பத்து முதல் முப்பது சதவீதம் வரை குறைவாகக் கிடைக்கும். இது காலத்துக்குக் காலம் மாறும். ஓவலைத் தேடுகிறவர்கள் கூடினால் அதன் விலையும் ஏறிக்கொள்ளும்.

படி 3: சான்றிதழில் ஆழத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ரவுண்ட் கல்லின் சான்றிதழில் 6.45 – 6.48 x 3.98 என்பது போல ஒரு வரி இருக்கும். முதல் இரண்டும் குறுக்களவு, கடைசி உயரம். உயரத்தைக் குறுக்களவால் வகுத்தால் ஆழச் சதவீதம் வரும், இங்கே 61.6. ரவுண்டுக்கு 59 முதல் 62.5 வரை நல்லது. எடை குறையக் கூடாது என்று அடியைப் பெருக்க வைத்து வெட்டிய ஒரு காரட் கல் 6.2 மி.மீ.தான் இருக்கும். அது நன்றாக வெட்டிய 90 சென்ட் கல்லின் அளவு. காசு மட்டும் ஒரு காரட்டுக்குப் போகும். அதற்காகப் பரந்து தட்டையாக இருக்கும் கல்லையும் எடுக்க வேண்டாம், வெளிச்சம் அடிவழியாக ஓடிவிடும், கல் மங்கித் தெரியும்.

ஓவல், பியர் மாதிரிக் கல்லுக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண் வரும். அங்கே உயரத்தை அகலத்தால் வகுக்க வேண்டும். வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் சான்றிதழில் வெட்டின் தரத்தைச் சொல்லும் வரி இவ்வளவு காலமும் ரவுண்டுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. ஆகவே மற்ற வடிவங்களுக்குச் சான்றிதழை மட்டும் நம்பி எடுக்க முடியாது, கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

படி 4: கல்லை வெளியே கொண்டுவந்து பாருங்கள்

கடைக்குள் இருக்கும் விளக்குகளுக்குக் கீழே எல்லாக் கல்லும் மின்னும். "வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கிடுதேன்" என்று கேளுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் நின்று கல்லை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். ஓவல், பியர், மார்க்கீஸில் நடுவே குறுக்காக இரண்டு கரு முக்கோணம் தெரியும், அதைப் போ டை என்பார்கள். லேசாக இருந்து சாய்க்கும்போது மறைந்தால் சரி. எப்படித் திருப்பினாலும் கருப்பாகவே நின்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மஞ்சள் சாயல் கூர் முனைகளில் தேங்கித் தெரியும். எமரால்டு வெட்டில் பட்டைகள் அகலமாக இருப்பதால் கரும்புள்ளி மறைய இடமே இல்லை, அதற்குத் தெளிவு ஒரு படி கூடவே பாருங்கள். பிரின்சஸ், மார்க்கீஸ், பியர் வாங்கினால் முனையை மூடிப் பிடிக்கும் கொக்கி இருக்க வேண்டும். முனைதான் முதலில் சில்லுப் போகும்.

படி 5: முழு எண்ணுக்குக் கொஞ்சம் கீழே எடுங்கள்

50, 70, 100 சென்ட் வரும் இடத்தில் காரட் விலையே ஒரு படி தாண்டும். 97 சென்ட் ரவுண்டுக்கும் 100 சென்ட் ரவுண்டுக்கும் குறுக்களவில் 0.1 மி.மீ. கூட வித்தியாசம் வராது.

படி 6: தோடு என்றால் கணக்கே வேறு

நம் பக்கத்து ஏழுகல் தோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காதுக்கு 10 சென்ட் ரவுண்டு ஏழு என்றால் மொத்தம் 70 சென்ட். ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய 3 மி.மீ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவான வட்டங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பூவின் குறுக்களவு 9 மி.மீ. அதே 70 சென்ட் ஒற்றைக் கல்லாக இருந்தால் 5.7 மி.மீ.தான். ஒற்றைக் கல்லில் 9 மி.மீ. வேண்டுமென்றால் இரண்டரைக் காரட்டுக்கு மேல் போக வேண்டும். சின்னக் கல்லுக்குக் காரட் விலையும் குறைவு. ஆச்சி காலத்திலிருந்து கண்ணை நிறைக்கிற அந்தத் தோட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு கெட்டிக்காரக் கணக்கு இருக்கிறது. என்னைக் கேட்டால், காதுக்கு இதை மிஞ்சிய வடிவம் இல்லை. பின்னால் ஒரு கல் விழுந்தாலும் அதே அளவில் ரவுண்டு எளிதாகக் கிடைக்கும், ஆசாரி பதித்துக் கொடுத்துவிடுவார். மார்க்கீஸ் ஜோடியில் ஒன்று போனால் இணை தேடி அலைய வேண்டியதுதான்.

ஒற்றைக் கல் மூக்குத்திக்கு 5 சென்ட் ரவுண்டு போதும். 2.4 மி.மீ. வரும், மூக்கில் எடுப்பாகவே இருக்கும்.

படி 7: பில் போடும்போது

ஹால்மார்க் முத்திரையும், அதோடு ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஹெச்யுஐடி எண்ணும் தங்கத்துக்குத்தான், வைரத்துக்கு அதில் எந்த உறுதியும் இல்லை. ஆகவே கல்லின் எடை, வடிவம், மில்லிமீட்டர் அளவு, நிறம், தெளிவு, சான்றிதழ் எண் எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இயற்கைக் கல்லா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதும் எழுத்தில் வர வேண்டும். ஆய்வகக் கல்லுக்கும் மில்லிமீட்டர் அளவு இதேதான், ஆனால் விலை பல மடங்கு குறைவு. கடைசியாக, கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால், அதை லென்ஸில் காட்டச் சொல்லிச் சான்றிதழ் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.