குடும்ப அறக்கட்டளைத் தகராறா? ஊருக்கு வரும்போது வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் ஊருக்கு வருகிறீர்கள். உச்சிக்கால பூஜைக்கும் அன்னதானத்துக்கும் தாத்தா எழுதிவைத்த நிலம் பெரியப்பா மகன் பெயரில் பட்டாவாகிவிட்டது என்று தெரிகிறது. இந்த நேரத்தில் பலரும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தாலோ ஆள்மாறாட்டம் நடந்திருந்தாலோ அது சரி. மற்றபடி "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். இன்னும் சிலர் உறவினர் கைகாட்டும் வக்கீலிடம் போய் அன்றைக்கே வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதிகச் சேதம் இதில்தான். அறக்கட்டளை விவகாரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே பாதி வழக்கு. தவறான இடத்தில் போட்ட பிராது, பல ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்று தள்ளுபடியாகும். அதற்குள் சொத்து இரண்டு கை மாறியிருக்கும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் உள்ள இந்துக் குடும்ப அறக்கட்டளைகளைப் பற்றி. வக்ஃபு சொத்துகளுக்குச் சட்டமும் தீர்ப்பாயமும் தனி.

முதலில் மூலப் பத்திரம்

பத்திரத்தின் தலைப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். "டிரஸ்ட் டீட்" என்று இருக்கலாம், "தர்ம சாசனம்" என்று இருக்கலாம், "செட்டில்மென்ட்" என்று இருக்கலாம், உயிலின் ஒரு பத்தியாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் இரண்டு மூன்று வரிகளை.

"மேற்படி சொத்துகளை விற்கவோ ஒற்றி வைக்கவோ வேறு எவ்வித பராதீனம் செய்யவோ யாருக்கும் பாத்தியமில்லை, வரும்படி முழுவதையும் தர்மத்துக்கே செலவிட வேண்டியது" என்று எழுதியிருந்தால் சொத்தே தர்மத்துக்குப் போய்விட்டது. வாரிசுகளுக்கு நிர்வாக உரிமை மட்டுமே உண்டு, பாகம் கேட்க முடியாது. "வரும்படியில் தர்மச் செலவு போக மீதியை என் வாரிசுகள் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் சொத்து குடும்பத்துடையதாகவே இருக்கும், தர்மச் செலவு அதன் மேல் ஏறிய ஒரு பொறுப்பு மட்டுமே. அந்தப் பொறுப்போடு சேர்த்துப் பாகப்பிரிவினை கேட்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கோயிலுக்கு எழுதிய பத்திரங்கள்கூட இந்த ஒரு வரியால் வெவ்வேறு வழக்குகளாகிவிடும்.

பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அசையாச் சொத்தைக் குறிப்பிடும் பத்திரம் 1-ஆம் புத்தகத்தில் ஏறியிருக்கும். அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சொத்து எதுவும் சேர்க்காமல் சிறு தொகையோடு தொடங்கிய டிரஸ்ட் 4-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதிக்கொடுத்தவரும் அந்தப் பத்திரத்தின் கீழ் உரிமை கோருபவரும் அவர்களின் பிரதிநிதியும்தான் அதன் நகலைப் பெறலாம், எனவே வாரிசுச் சான்றிதழோடு போங்கள். இந்த வகைப் பத்திரம் வில்லங்கச் சான்றில் வராது. "இசியில் டிரஸ்டே இல்லை" என்று யாராவது சொன்னால் அது இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. பதிவான உயில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யாரும் பெறலாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு எடுக்கலாம். எண்ணில்தான் சிக்கல் வரும். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். நில அளவையில் அது உட்பிரிவாகி வேறு எண் பெற்றிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய கிரயமும் அடமானமும் தப்பிவிடும், இரண்டையும் போட்டுத் தேடுங்கள். அதே யு.டி.ஆர். காலத்தில்தான் பல கட்டளை நிலங்கள் (பூஜை, தர்மத்துக்கென்று எழுதிவைத்தவை) அப்போது பயிர் செய்துகொண்டிருந்தவர் பெயருக்கோ நிர்வாகம் பார்த்த சித்தப்பா பெயருக்கோ தனிப்பட்டாவாகப் போயின. பட்டா வருவாய்த் துறைப் பதிவு, உரிமை மூலம் அல்ல. இருந்தாலும் அந்தப் பட்டாவைக் காட்டித்தான் பின்னாளில் விற்பனை நடக்கிறது. எனவே கிராம நில விவரம் உள்ள அ-பதிவேட்டின் நகல், டவுனாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், இரண்டையும் எடுத்து வையுங்கள்.

எந்தக் கதவு

கோயில், பூஜை, திருவிழா, மண்டகப்படி தொடர்பான கட்டளையாக இருந்தால் அது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்துக்குள் வரும். அது கட்டளையா இல்லையா, தர்மகர்த்தா பதவி பரம்பரையானதா என்ற கேள்விகளை 63-ஆம் பிரிவின்படி அறநிலையத் துறை இணை ஆணையர்தான் முதலில் விசாரிப்பார். நேராக சிவில் கோர்ட்டுக்குப் போனால் 108-ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு தடுத்துவிடும். இணை ஆணையர் உத்தரவின் மீது ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள், அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்குப் போட 90 நாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உத்தரவு ஊர் முகவரிக்குப் போய் அங்கேயே கிடந்து இந்த நாட்கள் கழிந்துவிடுவதுண்டு. அதனால் மனுவில் வழக்கறிஞரின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டே இந்தக் கதவைத் தட்டுங்கள். பரம்பரைப் பதவி காலியாகி, அடுத்தவர் யார் என்று குடும்பத்துக்குள் தகராறு முற்றினால், தகராறு தீரும்வரை துறை ஒரு தக்காரை (தற்காலிக நிர்வாகியை) நியமிக்கலாம். சாவி குடும்பத்தின் கையை விட்டுப் போகும். அண்ணன் தம்பி இருவருமே வேண்டாம் என்று நினைத்த முடிவு இப்படித்தான் வந்து சேர்கிறது. இன்னொரு பக்கம், கட்டளைச் சொத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்றாலோ அடகு வைத்தாலோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ 34-ஆம் பிரிவின்படி அது செல்லாது. விற்றவரோடு வாதாடுவதைவிட இந்தப் பிரிவு வலிமையான பிடி.

பள்ளிக்கூடம், சத்திரம், மருத்துவ உதவி, கல்வி உதவித்தொகை என்று ஊர் மக்களுக்குப் பொதுவாக எழுதியிருந்தால் அது பொது அறக்கட்டளை. நிர்வாகியை நீக்கவும் கணக்குக் கேட்கவும் நிர்வாகத் திட்டம் வகுக்கவும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அக்கறை உள்ளவர்கள் குறைந்தது இருவர் சேர வேண்டும். வழக்குக்கு முன் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். தனியாளாக வந்து தனியாகத் தொடுக்க முடியாது என்பதால், உங்களோடு நிற்கக்கூடிய இன்னொருவரைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

கணக்கு மட்டும் பார்க்க வேண்டுமென்றால் அவ்வளவு பெரிய வழக்குத் தேவையில்லை. 1920-ஆம் ஆண்டின் அற, சமய அறக்கட்டளைகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு மனு போதும். சொத்து விவரத்தையும் கடந்த 3 ஆண்டுக் கணக்கையும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதை மதிக்காத நிர்வாகி நம்பிக்கை மோசம் செய்தவராகக் கருதப்படுவார், பிறகு 92-க்குப் போவது எளிது. செலவு குறைந்த இந்த வழியைப் பலரும் கேட்பதே இல்லை. உங்கள் வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோயில் கட்டளைகளுக்கு 92 பொருந்தாது, அவை அறநிலையச் சட்டத்தின் வழியிலேயே போக வேண்டும்.

பலன் முழுக்கக் குடும்பத்தாருக்கே என்றால் அது தனியார் டிரஸ்ட், 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம். பத்திரத்தையும் கணக்கையும் பார்த்து நகல் எடுக்கப் பயனாளிக்கு 57-ஆம் பிரிவில் உரிமை உண்டு. முதலில் பதிவுத் தபாலில் அதைக் கேட்டு எழுதுங்கள். மறுத்த கடிதமே பின்னால் உங்களுக்கு ஆதாரம். டிரஸ்டிகள் பலர் என்றால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். ஒருவர் மட்டும் போட்ட கிரயம் அங்கேயே ஆட்டம் காணும். "தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பு" என்று பத்திரத்தில் இருந்தாலும் அதை நம்பி நாளைக் கழிக்க வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் டிரஸ்ட் தகராறுகளை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப முடியாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்களே டிரஸ்டியாக இருந்தால்

வெளிநாட்டில் வாழ்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. தொடர்ந்து 6 மாதம் இந்தியாவில் இல்லாத டிரஸ்டிக்கும், வெளிநாட்டில் குடியேறப் புறப்பட்டவருக்கும் பதிலாக இன்னொருவரை நியமிக்கலாம் என்று தனியார் டிரஸ்டுக்கு அது இடம் தருகிறது. உங்களை வெளியே அனுப்ப உறவினர் முதலில் எடுக்கும் ஆயுதமும் இதுவாகவே இருக்கும். புதியவரை யார் நியமிப்பது என்பதைப் பத்திரம் சொல்கிறதா, அந்த முறைப்படி நடந்ததா என்று பாருங்கள். முறை தவறியிருந்தால் கேள்வி கேட்கலாம்.

"நான் வர முடியாது, தம்பி பார்த்துக்கொள்ளட்டும்" என்று பவர் எழுதிக்கொடுப்பதும் இதே வகைத் தவறு. பத்திரமே அனுமதித்தால் ஒழிய, டிரஸ்டி தன் கடமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்பது அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவின் பொது விதி. வழக்கு நடத்தவும் ஆவணம் வாங்கவும் பவர் கொடுக்கலாம், நிர்வாகத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பொது அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பும் முன் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை மட்டும் இருந்தால் சிக்கல் உண்டு. நல்ல மனதோடு அனுப்பிய கும்பாபிஷேகப் பணம், தகராறு வந்ததும் எதிர்ப் புகாராக உருமாறும்.

வழக்கறிஞரும் பவரும்

சொத்து இருக்கும் மாவட்டத்தில் அறக்கட்டளை வழக்கு நடத்திப் பழகியவர் வேண்டும். இணை ஆணையர் முன் எத்தனை 63-ஆம் பிரிவு மனுக்களில் ஆஜரானார் என்று நேராகக் கேளுங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. வழக்கு முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் சொத்தில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தடை. "ஜெயித்தால் ஒரு கிரவுண்ட்" என்று பேசுபவரை விட்டு விலகுங்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சாதாரணச் சொத்து வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் மதிப்பில் 3 சதவீதம். தர்மகர்த்தாக்களுக்கு இடையேயான வழக்குக்குக் கட்டணச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, கட்டணமும் குறைவு. எந்தப் பிரிவில் மதிப்பிட்டிருக்கிறார் என்று பிராதின் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், தொலைபேசி எண் 15100.

வழக்கு எண் விழுந்ததும் வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தாவும் உத்தரவும் தெரியும். "வக்கீல் போன் எடுப்பதில்லை" என்ற கவலையில் பாதி இதோடு தீரும்.

பவரை ஊரில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து அனுப்புவதானால் நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தை வேறு நாட்டில் செல்லுபடியாக்கும் அரசுச் சான்று) வாங்குங்கள். மலேசியாவில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகச் சான்றொப்பம் பெறலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், வந்த நாளை நிரூபிக்க அதுதான் உதவும்.

கால வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. டிரஸ்டி தன் கையில் வைத்திருக்கும் டிரஸ்ட் சொத்தை மீட்க அவர் மேல் போடும் வழக்குக்குக் காலக்கெடு இல்லை. விலை கொடுத்து வாங்கியவர் மேல் போவதென்றால், விற்பனை உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு. வில்லங்கச் சான்று எடுத்த தேதி அந்த நாளாகக் கருதப்படலாம், ரசீதை வைத்திருங்கள்.

சமரசத்துக்கு வழி இருந்தால் நீதிமன்ற சமரச மையத்தின் வழியே போங்கள், முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பொது அறக்கட்டளை வழக்கில் மட்டும் நீதிமன்ற அனுமதி இல்லாத சமரசம் செல்லாது.

சாட்சியத்தை ஒத்திப்போட வேண்டாம். உங்களுக்கு நேரில் தெரிந்த விஷயத்தை உங்கள் பவர் ஏஜென்ட் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது, நீங்களே சொல்ல வேண்டும். வழக்குப் போட்டபின் ஊரை விட்டுக் கிளம்பும் சாட்சியை உடனே விசாரிக்கும்படி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் ஆணை (ஆர்டர்) 16-ஆம் விதியில் மனுப் போடலாம். விமான டிக்கெட் நகலை அதோடு இணையுங்கள். கட்டளையை யார் எப்படி நடத்தினார்கள் என்று கண்ணால் பார்த்த எண்பது வயது அத்தை வீட்டில் படுத்திருக்கிறார் என்றால், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை வீட்டுக்கே அனுப்பி வாக்குமூலம் பதியவும் கேளுங்கள். அந்த மனுவை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாமல் இந்தப் பயணத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.