ஊர் அறக்கட்டளையின் பலனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாகத் தொடங்கிய சமுதாய அறக்கட்டளைகள் தங்கள் ஆண்டறிக்கையை என்னிடம் படிக்கக் கொடுக்கின்றன. 2011இல் எங்கள் அறக்கட்டளையில் நாங்கள் செய்த தவறுகளை அவற்றில் மீண்டும் காண்பது வேதனையளிக்கிறது. ரசீது, வரவு செலவுப் பிழைகளைத் தணிக்கையாளரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்நிலையை அளக்காமல் வேலையைத் தொடங்குவது

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊராரும் வெளியூரில் வேலை செய்யும் அவர்கள் பிள்ளைகளும் கொடுத்த பணத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தோம். அப்பகுதியின் நிலத்தடி நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு மிகுதி. வேறு நீராதாரம் இல்லாத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. அவ்வூர் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது எவ்வளவு என்று திறப்பு விழாவுக்கு முன் நாங்கள் ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, பணம் கொடுத்தவர்கள் என்ன மாறியது என்று கேட்டபோது, எங்களிடம் இருந்தவை புகைப்படங்களும் கேன் விநியோகப் பதிவேடும்தான். அதற்குள், 2013இல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் அவ்வூருக்கு வந்துவிட்டதால், எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு நன்கொடையாளர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பி வரவில்லை.

பதிவேட்டில் மாதந்தவறாமல் கேன் வாங்கியதாக இருந்த ஒரு வீட்டுக்குப் பிறகு சென்றேன். அடுப்பில் களிக்குக் கொதித்துக்கொண்டிருந்தது பழைய ஆழ்துளைக் கிணற்று நீர். "காசு குடுத்து வாங்குற தண்ணியக் களிக்கு ஊத்த முடியுமாங்க?" என்றார் அந்த அம்மா. சமைக்கும் நீர் வழியாகவும் புளோரைடு உடலில் சேரும் என்பதால், நாங்கள் வெற்றி என்று எழுதிய எண்ணிக்கை பாதி உண்மைதான்.

"அளக்கும் காசில் இன்னொரு குழாய் போடலாமே" என்று இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பணி தொடங்குமுன் நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஐம்பது வீடுகளிலாவது குடிக்க எந்த நீர், சமைக்க எந்த நீர் என்று கேட்டு எழுதுங்கள். நீங்கள் பணி செய்யாத பக்கத்து ஊரிலும் அதையே செய்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்ப அளவெடுங்கள்.

பொருந்தாத அடையாளத்தைத் தேடுவது

நிரந்தரப் பற்கள் உருவாகும் சிறுவயதில் பதிந்த புளோரைடு கறை, நீர் மாறினாலும் போகாது. ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துத் திட்டம் தோற்றது என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல நீர் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்கு நிரந்தரப் பல் முளைக்கும்வரை காத்திருங்கள்.

ஒரே பயனாளியை இருமுறை எண்ணுவது

கண் முகாமுக்கும் வந்து, தண்ணீர் கேன் வாங்கும் அட்டையும் வைத்திருப்பவர் ஒருவரே, இருவர் அல்லர்.

திரட்டிய தொகையை மட்டும் எழுதுவது

சென்ற ஆண்டு நூறு ரூபாய் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.