விண்டோஸ் 7 பிரிண்டர் விண்டோஸ் 11-இல் ஏறிய விதம்

மன்னார்குடியில் ஒரு நெல் மண்டி. லேசர் பிரிண்டர், 32 பிட் விண்டோஸ் 7 கணினியில் யூஎஸ்பி வழியாக; அங்கிருந்து நெட்வொர்க்கில் ஷேர் செய்யப்பட்டது. புது விண்டோஸ் 11 கணினியில் அதை நெட்வொர்க் வழியாகச் சேர்த்தால் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கிடைக்கவில்லை என்றே வந்தது. கேபிள், ஃபயர்வால், ஷேரிங் என்று மூன்று நாள் வீண்.

விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டும்தான். பழைய கணினியோ தன்னிடமுள்ள 32 பிட் டிரைவரைத்தான் நீட்டும். அதனால் தயாரிப்பாளரின் 64 பிட் டிரைவரை இறக்கி, பிரிண்டரைக் கையால் சேர்த்து, புதிய 'லோக்கல் போர்ட்' (அச்சு வேலை பிரிண்டருக்குப் போகும் வழி) உருவாக்கினேன். போர்ட் பெயர்: \\மண்டி\லேசர். முதல் பகுதி பழைய கணினியின் பெயர்; இரண்டாவது பகுதி ஷேர் பெயர், அதாவது ஷேர் செய்யும்போது பிரிண்டருக்கு வைத்த பெயர்; பிரிண்டரின் சொந்தப் பெயர் அல்ல.

பலர் தவறவிடுவது இதுதான்: முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் \\மண்டி திறந்து, பழைய கணினியின் பாஸ்வேர்டைக் கொடுத்து, அதை நினைவில் வைக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் போர்ட் சேர்க்கும்போதே அனுமதி மறுக்கும். அப்பாடா, எடைச்சீட்டு வந்துவிட்டது.