ஆஸ்டினா, மோரிஸா, ஃபோர்டா? 1930களின் குட்டி பிரிட்டிஷ் கார்களை இனம் காண்பது எப்படி

பிரிட்டனில் 1921 முதல் கார் வரி, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டாக இருந்தது; 1935இல்தான் குறைந்தது. அந்தக் குதிரைத்திறனைச் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். பிஸ்டன் ஓடும் நீளம் கணக்கில் இல்லை. அதனால் வரியைக் குறைக்க விட்டத்தைச் சிறிதாக்கினார்கள்: ஆஸ்டின் செவன், மோரிஸ் மைனர், மோரிஸ் எய்ட், ஃபோர்டு மாடல் ஒய் நான்கிலுமே 56, 57 மி.மீ. விட்டமுள்ள நாலு சிலிண்டர் எஞ்சின்தான்.

ரேடியேட்டர் சின்னத்தை முதலில் பார்க்காதீர்கள். அது கழற்றி மாட்டக்கூடிய பொருள்; பாடியும் அப்படியே. செவன் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) மேல் புதிதாக அலுமினியப் பாடி ஏற்றிப் பந்தயக்கார் என்று விற்பது பழைய வழக்கம்.

டேப் எடுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 75 அங்குலம் என்றால் பழைய செவன். 81 என்றால் 1931க்குப் பிந்தைய நீளமான செவன். வழக்கமான மைனர் 78. மோரிஸ் எய்ட்டும் ஃபோர்டு ஒய்யும் 90தான், எனவே அங்கே டேப் உதவாது.

அப்போது காருக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். இதில்தான் ஏமாற்றுவது கடினம். ஃபோர்டில் முன்னும் பின்னும் ஒவ்வொரு பட்டைக்கட்டு (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), காரின் குறுக்கே. செவனில் முன்னே குறுக்குப் பட்டை. பின்னே இரண்டு கால்வட்டப் பட்டைகள், சேஸிஸ் முனையிலிருந்து பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மோரிஸ் இரண்டிலும் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு அரைவட்டப் பட்டைகள், நீளவாக்கில். பிரேக்கும் கைகொடுக்கும்: 1934இல் வந்த எய்ட்டுக்கு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது), ஃபோர்டுக்குக் கம்பியால் இழுக்கும் பிரேக்.

மைனர் என்று உறுதியானால் பானெட்டைத் திறங்கள். எஞ்சினின் முன்முனையில் டைனமோ (மின்சாரம் தரும் கருவி) செங்குத்தாக நின்றால் அது 1928இல் தொடங்கிய மேல்கேம் ரகம்; அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எஞ்சினின் உச்சியில் இருக்கும். டைனமோவின் தண்டு வழியாகத்தான் கேம் சுழல்கிறது. மேலே சீல் தேய்ந்தால் எண்ணெய் நேராக டைனமோவுக்குள் இறங்கிவிடும். வாங்குவதற்கு முன் அதன் பிரஷ்களைக் கழற்றிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் செலவு காத்திருக்கிறது. 1931இல் வந்த மலிவான பக்கவால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ள) எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை.

ஆண்டைக் குறுக்க: ஃபோர்டு ஒய்யின் ரேடியேட்டர் குட்டையாக இருந்தால் 1933 அக்டோபருக்கு முந்தையது. பிந்தையவற்றில் அது கீழே நீள்கிறது, பம்பரும் நடுவில் வளைந்து தாழும். மோரிஸ் எய்ட்டில் ரேடியேட்டரைச் சுற்றிக் குரோம் விளிம்பும் கம்பிச் சக்கரமும் முதல் வரிசை. விளிம்புக்குப் பெயின்ட் அடித்துத் தட்டுச் சக்கரம் போட்டது இரண்டாவது. ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்திருந்தால் 1938 இறுதியில் வந்த ஈ வரிசை. செவனில் ரேடியேட்டர் முகப்பு பாடியின் நிறத்திலேயே இருந்தால் 1934இல் தொடங்கிய ரூபி ரகம்.

செவனில் எஞ்சின் மாற்றம் சகஜம். கிராங்க்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில்) மூன்று பேரிங் 1936இல்தான் வந்தது. 1929 சேஸிஸில் அது இருந்தால் கலப்புக்கார். ஓட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் மாற்றம் இல்லாத அசல் காருக்கான விலையைக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நம்பர் பிளேட்டில் மூன்று எழுத்து 1932இல்தான் தொடங்கியது. அதைத் தாங்கி நிற்கும் "1928 கார்" ஒன்று தாமதமாகப் பதிவானது, அல்லது 1928 அல்ல.